கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தவர்கள்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சைதாப்பேட்டை ஆற்றங்கரை நடைபாதைக்குப் பறவை பார்க்கப் போன ஒன்பது பேரில் ஒருத்தி மட்டும்தான் வீடு போய்ச் சேர்ந்தாள், மற்ற எட்டுப் பேரும் கிழக்கு கேட்டைத் தாண்டிக் காலை வெளியே எடுத்து வைத்தார்கள், வைத்த கால் மேற்கு கேட்டுக்கு உள்ளே போய் நின்றது, இரண்டு கேட்டுக்கும் நடுவில் முழுசாக ஒரு கிலோமீட்டர் இருக்கிறது என்பதை அந்தக் கால்கள் சட்டை செய்யவே இல்லை. நான் கிழக்கு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பதினாறு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவன், பெயர் ஏகாம்பரம், என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிற தைரியம் அந்தத் தைக்குப் பிறகு எங்கள் பேட்டையில் யாருக்கும் கிடையாது.

எங்கள் ஆறு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிறவர்கள்தான் எல்லாரும், ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் எங்கெங்கோ பனி பெய்கிற தேசத்திலிருந்தெல்லாம் குருவிகள் கிளம்பி வந்து இந்தக் கறுப்புச் சேற்றில்தான் இறங்குகின்றன, ஏன் இங்கே என்று அதுகளைத்தான் கேட்க வேண்டும். அதுகள் வந்த பின்னாலேயே கழுத்தில் பைனாகுலரும் தலையில் தொப்பியுமாக மனிதர்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வழிகாட்டுகிறவர் பரஞ்சோதி. ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளர், அங்கே போனால் அவரை எல்லாரும் பரஞ்சோதி, அந்தக் குடுவையை எடு, இந்த மேஜையைத் துடை என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் மேற்கு கேட்டுக்குள் நுழைந்தால் அதே ஆள் சார், அதுவும் எப்பேர்ப்பட்ட சார், வங்கியில் பெரிய அதிகாரியாக இருக்கிற சேஷாத்ரி கூட அவர் பேசும்போது வாயைத் திறக்க மாட்டார். பதினோரு வருஷமாகப் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறவர், அந்தப் பட்டியலில் ஒரு பொய்க் குருவி கிடையாது என்பதுதான் அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே கௌரவம்.

பட்டியலுக்கு ஒரு முறை உண்டு. நடை முடிந்ததும் கிழக்கு கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள், பரஞ்சோதி ஒவ்வொரு பறவையாகப் பெயர் சொல்லுவார், வட்டத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொருத்தராகப் பாத்தேன், பாத்தேன், பாத்தேன் என்பார்கள், பார்க்கவில்லை என்றால் பாக்கல என்றும் சொல்லலாம், அதில் ஒரு அவமானமும் இல்லை என்று அவரே ஒவ்வொரு வாரமும் ஆரம்பத்தில் சொல்லுவார். இத்தனை வருஷம் துணி தேய்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், ஒருத்தர் வாயிலிருந்தும் பாக்கல என்கிற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் பார்த்துவிட்டாராம், நாம் மட்டும் பார்க்கவில்லை என்றால் எப்படி, அவ்வளவு செலவு பண்ணிக் கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கிறோமே.

இனி சொல்லப் போவதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மார்கழி நடுவில் ஒருநாள் பரஞ்சோதியின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. பையைத் துழாவாமல் நான் துணியில் பெட்டி வைக்க மாட்டேன், அகப்படுகிறதை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பேன், அதுதான் என் தொழில் ஒழுங்கு. சீட்டைக் கொடுத்ததும் அவர் அதைக் கையில் வாங்கித் தடவினார், பிறகு என் பக்கம் நீட்டி, "கண்ணாடிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன் ஏகாம்பரம், என்ன தேதி போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க" என்றார். கண்ணாடி அவர் மூக்கிலேயேதான் இருந்தது. கண்ணாஸ்பத்திரிச் சீட்டு அது. இடது கண் போய்விட்டது, வலது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது, தை மாதத்தில் வருகிற ஜனவரி இருபத்தெட்டுக்குள் ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றலாம், அதற்கு மேல் தள்ளினால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் தமிழிலேயே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

"சார், அப்ப நீங்க குருவியெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"காதால பாக்கறேன்" என்றார் அவர். "வாலாட்டி கத்துனா வாலாட்டி எங்க ஒக்காந்திருக்கும்னு எனக்குத் தெரியும். கைய நீட்டி அங்க பாருங்கம்பேன், அவங்க பாத்துடுவாங்க. ரெண்டு வருசமா அப்பிடித்தான் ஓடுது. சீசன் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போறேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும், கோமு கண்ணுல பட்டா வீட்ட ரெண்டாக்கிடுவா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." கோமு என்றது அவருடைய மனைவி கோமளாவை, ஜாக்கெட் தைக்கிற அந்த அம்மா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான், வீட்டை ரெண்டாக்குவாள் என்பதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சீட்டை டப்பாவில் போட்டு மூடினேன், அன்றிலிருந்து அந்த டப்பா வண்டிக்கு அடியில் நெருப்பு மாதிரி இருந்தது.

பொங்கல் முடிந்து வந்த பதினெட்டாம் தேதி ஞாயிறு, ரெஜினா என்கிற நர்ஸ் அம்மா முதல் தடவையாக நடைக்கு வந்தாள். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்தவள், கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்தவள், நாமக்கோழிக்கும் நீர்க்காகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள். பாலத்துக்குக் கீழே சேற்றுத் திட்டில் கொசு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், தையல் மிஷின் ஊசி மாதிரி மூக்கைச் சேற்றில் குத்திக் குத்தி எடுக்கும், அதில் ஒன்றைப் பார்த்து அவள், "சார், இதுக்கு மட்டும் மூக்கு கரண்டி மாதிரி இருக்குது பாருங்க" என்றாளாம்.

கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு, உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம், அதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்று நினைக்கிற ஆட்கள் கடல் தாண்டியும் இருக்கிறார்கள், அது எங்கள் சாக்கடைச் சேற்றில் வந்து நிற்கிறது என்றால் சும்மாவா. "கரண்டிமூக்கு! அசையாதீங்க யாரும்!" என்று பரஞ்சோதி கத்திய கத்தலில் கூட்டம் முழுக்கக் குருவிகள் எழும்பிவிட்டன. எட்டு ஜோடிக் கண்ணாடிகள் தூக்கப்பட்டன, சேஷாத்ரியின் கேமரா படபடவென்று அடித்தது, குருவிகள் அக்கரைக்குப் போயே போய்விட்டன.

தூங்குமூஞ்சி மரத்தடியில் வட்டம் கூடியது. அறுபத்தோரு பறவைகளுக்குப் பிறகு பரஞ்சோதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கரண்டிமூக்கு உள்ளான்" என்றார், கோயிலில் கற்பூரம் காட்டுகிறவர் மாதிரி. பாத்தேன் என்றார் சேஷாத்ரி. பாத்தேன் என்றார் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினியர். பாத்தேன், பாத்தேன் என்றார்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற புருஷனும் பெண்டாட்டியும். பாத்தேன் என்றார் பள்ளிக்கூட டீச்சர், பாத்தோம் என்றார்கள் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும். பாத்தேன் என்றாள் ரெஜினா கொட்டாவிக்கு நடுவில். கடைசியில் பரஞ்சோதி, எல்லாரையும்விட உரக்க, பாத்தேன் என்றார்.

ரெஜினா கேட்டைத் தாண்டி வந்தாள், என்னிடம் தேய்த்து வைத்திருந்த யூனிஃபார்மை வாங்கிக்கொண்டாள், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டாள். மற்றவர்கள் அவள் பின்னாலேயே காலை எடுத்து வைத்தார்கள், எனக்கு முன்னால் யாரும் வரவில்லை. இருபது நிமிஷம் கழித்து எட்டுப் பேரும் மூச்சு வாங்க மேற்கிலிருந்து மறுபடியும் நடந்து வந்தார்கள், மறுபடியும் காலை வைத்தார்கள், மறுபடியும் காணோம். மூன்றாவது தடவை டீச்சர் அழுதுவிட்டார்.

முதல் நாள் முழுக்க அவர்கள் செய்யாத வித்தை இல்லை. இன்ஜினியர் சுவரேறிக் குதித்தார், குதித்த இடம் மேற்கு கேட்டுப் பக்கத்துப் பூச்செடி. மீட்புப் படகு வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள், அக்கரையில் இறங்கியது துடுப்புப் போட்டவர்கள் மட்டும்தான், ஏறின எட்டுப் பேரும் மேற்கு கேட்டு சிமெண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் செருப்பு கூட நனையவில்லை. நாங்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம், நாய் போகும், ஐஸ்கிரீம் வண்டி போகும், அந்த எட்டுப் பேர் மட்டும் முடியாது. மேற்கு கேட்டு வழியாக வெளியேறினால் கிழக்கு கேட்டுக்கு உள்ளே நின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி ஒன்று நடந்தால் வேறு ஊரில் என்ன செய்வார்களோ, எங்கள் பேட்டையில் திங்கட்கிழமைக்குள் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. வார்டு ஆட்கள் சாமியானா போட்டார்கள், யாரோ ஒரு அலுவலகத்திலிருந்து டேப் எடுத்து வந்து இரண்டு கேட்டையும் அளந்து ஒன்றும் குறை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள், வீட்டு ஆட்கள் டிபன் கேரியரும் மாற்றுத் துணியும் கொண்டு வந்தார்கள், தேய்க்க வேண்டியதை என்னிடம் கொடுத்தார்கள், கம்ப்யூட்டர் புருஷன் பெண்டாட்டி பெஞ்சிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தார்கள், கல்லூரிப் பெண்களுக்கு டீச்சரே பாடம் நடத்தினார். செவ்வாய்க்கிழமை கேட்டுக் கம்பியில் யாரோ மஞ்சள் துணி முடிந்திருந்தார்கள், அதற்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம், அதற்குப் பக்கத்தில் பூக்காரி கடை. வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு, அட, நம்மள மாதிரிதானப்பா இருக்காங்க என்று ஏமாற்றத்தோடு போனார்கள்.

காரணம் புதன்கிழமைதான் தெரிந்தது, அதுவும் ஒரு சண்டையில். கம்ப்யூட்டர் பெண்டாட்டிக்கும் புருஷனுக்கும் கேட்டுப் பக்கத்தில் வாய்த் தகராறு. "உன்னாலதான் வந்தேன், ஞாயித்துக்கெழமை தூங்க விட்டியா நீ? அந்தக் கரண்டியும் மூக்கும், நான் பாக்கவே இல்ல, நீ பாத்தேன்னு சொன்ன, நானும் சொல்லித் தொலச்சேன்!" என்று கத்திக்கொண்டே கோபத்தில் விடுவிடுவென்று நடந்தாள், நடந்தவள் என் வண்டியில் வந்து இடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் அவளுக்கே புரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நான்தான், "அம்மா, வெளிய வந்துட்டீங்க" என்றேன். புருஷன் உள்ளே நின்றுகொண்டு, "நானும் பாக்கலடி!" என்றான், அவனும் வந்துவிட்டான், இரண்டு பேரும் நடு ரோட்டில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பிறகு என்ன, சாயங்காலத்துக்குள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், கல்லூரிப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், இன்ஜினியர் மட்டும், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்திருக்க வாய்ப்பு உண்டு, என்று இழுத்துப் பார்த்தார், இரண்டு தடவை ஒரு கிலோமீட்டர் நடந்தார், மூன்றாவது தடவை ஒழுங்காகச் சொன்னார். சேஷாத்ரி எடுத்த படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினார். கொசு உள்ளான்தான். மூக்கு நுனியில் ஒரு உருண்டைச் சேறு அப்பியிருந்தது. "இத அன்னிக்கே, அந்த வட்டத்துல நிக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றார் அவர். ரெஜினாவைக் கேட்டபோது, "நான் பாத்தத பாத்தேன்னு சொன்னேன், கரண்டி மாதிரி இருந்துச்சு, அது சேறா சோறான்னு எனக்கென்ன தெரியும்" என்றாள்.

அதற்கப்புறம் பேட்டையில் கொஞ்ச நாள் பொய்யே இல்லை. கேட்டு பிடித்து வைத்தது அந்த எட்டுப் பேரைத்தான், எங்கள் விவகாரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை, ஆனாலும் யாருக்கு என்ன நிச்சயம். மீன்காரி முந்தாநாள் மீன் என்று தானே சொல்லி விற்றாள். சந்தேகப்பட்ட புருஷன்மார்களைப் பெண்கள் வாக்கிங் போகலாம் வா என்று கூப்பிட்டார்கள், முட்டி வலிக்கிறது என்று பாதி ஆம்பளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். நானும் அந்தப் பாதைப் பக்கம் காலே வைக்கவில்லை, எனக்கு டப்பாவில் இருந்த சீட்டின் பயம்.

உள்ளே பரஞ்சோதி மட்டும் இருந்தார். எல்லாரும் வந்து கெஞ்சினார்கள், ஒரு வார்த்தை சார், சொல்லிட்டு வந்துடுங்க சார், படத்தைக் கூடப் பார்த்தாகிவிட்டது சார் என்றார்கள். "நான் பாத்தேன்" என்றார் அவர். "படத்துல இருக்கறது வேற. நான் பாத்தது வேற." அவர் ஒரு வார்த்தை பாக்கல என்று சொன்னால், பின்னே எப்படி சார் கத்தினீங்க என்று கேட்பார்கள், அந்த நூலைப் பிடித்து இழுத்தால் பதினோரு வருஷமும் பிரிந்து வந்துவிடும், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். போதாக்குறைக்கு அவரைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. உண்மையாகவே பார்த்த மனிதர் இவர் ஒருவர்தான், அதனால்தான் வாக்கு மாறாமல் இருக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார்கள், தினமும் காலையும் மாலையும் அவர் நடை நடத்தினார், செம்போத்து, ஆள்காட்டி, பஞ்சுருட்டான் என்று கையை நீட்டினார், எல்லாரும் சார் சார் என்றார்கள், மாலை போட்டார்கள். ஆய்வுக்கூடத்துக் குடுவையைக் கழுவப் போவதைவிட இந்தச் சிறை அவருக்குப் பிடித்துப் போய்விட்டதோ என்று கூட எனக்குத் தோன்றியது, எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூட்டம் கலைந்ததும் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டேதான் அவர் நடந்தார், அதை என் வண்டியிலிருந்து நான் மட்டும் பார்த்தேன், அந்தத் தடவல் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே போனது.

தேதி இருபத்தி நாலு ஆயிற்று, இருபத்தி அஞ்சு ஆயிற்று. கேட்டுக் கம்பி வழியாக அவரைக் கூப்பிட்டு, "சார், இருபத்தெட்டு" என்றேன். "தெரியும்" என்றார். இருபத்தி ஆறு அன்றும் சொன்னேன். "வெளிய வந்தா கண்ணு இருக்கும், நான் இருக்க மாட்டேன் ஏகாம்பரம்" என்றார், முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார், அங்கே என்ன தெரிந்தது அவருக்கு, ஒன்றும் தெரிந்திருக்காது.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் கோமளா கையில் கேரியரோடு என் வண்டி முன்னால் வந்து நின்றாள். பத்து நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். "ஏண்ணே, ஒரு குருவிக்காக ஒரு மனுசன் இப்பிடி வீம்பு புடிப்பாரா? பாக்கலன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்? தெனம் சாம்பார ஊத்திக் குடுத்துட்டு ஒக்காந்து கேக்கறேன், பதிலே சொல்ல மாட்டேங்கறார்" என்றாள். வாக்காவது மண்ணாவது. குனிந்து டப்பாவைத் திறந்தேன், சீட்டை எடுத்து நீட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள், அடிக்கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து இரண்டாம் தடவை படித்தாள்.

"எத்தினி நாளா உங்களுக்குத் தெரியும்?"

"மார்கழிலேர்ந்து."

"நல்லாருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள், கேரியரை என் வண்டியிலேயே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் போனாள். அன்றைக்கு நான் இரண்டு சட்டையைத் தீய்த்துவிட்டேன்.

மறுநாள் இருபத்தெட்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வந்தாள், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, ரெஜினாவிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிட்டு, ஐந்து மணிக்குள் வந்தால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு வைத்துவிட்டு, ஒரு ஆட்டோவையும் கேட்டுக்கு எதிரில் நிறுத்தி வைத்துவிட்டு வந்தாள். விஷயம் எப்படிப் பரவியதோ, பழைய வட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவள் நேராக மரத்தடிக்குப் போய் அவர் கையில் சீட்டைத் திணித்தாள். அவர் அதைத் தடவிப் பார்த்தார், தடவிப் பார்த்தபோதே முகம் செத்துவிட்டது.

"எல்லாரும் இருக்காங்க" என்றாள். "சொல்லுங்க."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கரண்டிமூக்க நான் பாக்கல" என்றார். கூட்டம் மூச்சு விட்டது. அவர் காலை எடுத்து வெளியே வைத்தார். காணோம்.

இருபது நிமிஷத்தில் மேற்கிலிருந்து நடந்து வந்தார், கோமளா போய்க் கூட்டி வந்தாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை, ஒரு முழம் தள்ளித்தான் நடந்தாள். மணி இரண்டே முக்கால். அவர் மரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார், நாமக்கோழி பாக்கல, கேட்டேன், வாலாட்டி பாக்கல, கேட்டேன், மீன்கொத்தி பாக்கல, கேட்டேன் என்று அன்றைய அறுபத்தோரு பறவைகளையும் ஒன்று விடாமல் சொன்னார், இரண்டு வருஷமாக ஒரு குருவியையும் பார்க்கவில்லை என்றார், என்னை சார்னு கூப்பிட்டீங்களே, மன்னிச்சிடுங்க என்றார். சேஷாத்ரி அழுதுகொண்டே, "சார், கேட்டாலும் பட்டியல்ல சேரும் சார், கேட்டேன்னு எழுத நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, இத்தன நாளா அத சொல்லியிருக்கலாமே சார்" என்றார். இன்ஜினியர் கைத்தட்டினார். பரஞ்சோதி முகத்தில் பத்து நாளுக்கப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது, காலை எடுத்து வைத்தார். காணோம்.

இது எங்கள் யாருக்கும் புரியவில்லை. இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று ஆளுக்கொன்று பேசினார்கள், கேட்டுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள், ஆட்டோக்காரர் மணியைப் பார்த்தார், மூன்றே கால். கோமளா மட்டும் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் இரண்டாவது தடவையும் சுற்றி வந்து சேர்ந்தார். அவள் எழுந்து எதிரில் போய் நின்றாள்.

"நான் என்ன கலரு பொடவ கட்டியிருக்கேன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அவள் குரல் வந்த பக்கமாகப் பார்த்துச் சிரித்தார், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அசல் புருஷன் சிரிப்பு. "பச்ச. ஒனக்கு எடுப்பா இருக்கு கோமு."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போங்க" என்றாள் அவள். அவர் போனார், காணோம், அந்த ஒரு கிலோமீட்டரை அவர் மூன்றாவது தடவையாக நடந்து வருகிற வரைக்கும் அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆற்றிலிருந்து கூட்டமாக என்னவோ பறந்தது, ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை.

அவர் வந்தார். சுவரைத் தடவிக்கொண்டே வந்தார், இப்போது எல்லார் முன்னாலும் தடவினார். அவள் பக்கத்தில் போய், எங்களையெல்லாம் மறந்துவிட்ட மாதிரி கேட்டாள்.

"எம் மூஞ்சிய கடைசியா எப்ப பாத்தீங்க?"

அவர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பினார்.

"தெனமும் பூ வெச்சுக்கிட்டு வந்து நிக்கறேன், நல்லாருக்கான்னு கேக்கறேன், நல்லாருக்குன்னு சொல்றீங்க. காச்சல்ல கெடந்தேன், மூஞ்சி தெளிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க. போன மாசம் அழுதேன், எங்கம்மா செத்த நாளுன்னு நெனச்சு எதிர்லயே ஒக்காந்து சத்தமில்லாம அழுதேன், நீங்க பாட்டுக்கு மோர் ஊத்துன்னு கேட்டு சாப்ட்டீங்க. கல்லு மனசுன்னு நெனச்சேன் உங்கள. ஒரு மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். எப்ப பாத்தீங்க, சொல்லுங்க."

"போன ஆடில" என்றார் அவர். "அம்மன் கோயில்ல, வெயில்ல நின்னுட்டிருந்த. அப்புறம் ஒரு நெழலுதான் கோமு. இப்ப வெறும் வெளிச்சந்தான். நீ அழுதது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நீ சத்தம் போடாம இருந்தா நீ அங்க இருக்கியா இல்லியான்னே எனக்குத் தெரியல."

அவள் விலகி வழிவிட்டாள். அவர் காலை எடுத்து வைத்தார், ஒரு கை முன்னால் நீண்டிருந்தது, அது என் வண்டிப் பலகையில் வந்து பட்டது, பெட்டியின் சூடு உறைத்திருக்க வேண்டும், சடக்கென்று இழுத்துக்கொண்டார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, மேற்கு கேட்டா கிழக்கு கேட்டா என்று என்னைக் கேட்டார். "வெளிய இருக்கீங்க சார்" என்றேன்.

கோமளா அவர் பின்னாலேயே வந்தாள். அவர் அவள் நிற்கிற பக்கம் தெரியாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாக, "நீ என்ன கலரு பொடவ கட்டியிருக்க கோமு?" என்று கேட்டார்.

"மாம்பழக் கலரு" என்றாள் அவள். "அரக்கு பார்டரு. வாங்க, மணி நாலாவுது, ஆட்டோ நிக்குது."